பெயர் வெளியிட விரும்பாத அன்பர்கள்

கல்லூரி முடித்த வருடத்துக் கோடையில் நாங்கள் இரண்டு பேர் மழையைத் தேடிக்கொண்டிருந்தோம். நானும், மூன்று வருடம் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பனும். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் சந்து ஒன்றில், ஒரு வீட்டு மாடியில் அவன் அறை எடுத்திருந்தான். அங்கே ஐந்து பகுதிகளாக ஓர் ஒலிக்கதை தயாரித்துக்கொண்டிருந்தோம். கதை நான் எழுதியது. பெருமழையில் நடுவழியில் நின்றுபோகும் ஒரு டவுன் பஸ். உள்ளே ஏழு பேர். மழை விடும்வரை அவர்கள் பேசிக்கொள்வதுதான் கதை. அதனால் முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம்வரை மழை பெய்தாக வேண்டும்.

வெளியே அக்னி நட்சத்திரம். மலையே அனல் மூச்சு விடுவது போலிருக்கும். "மே மாசத்துல திருவண்ணாமலையில உக்காந்து மழைக் கதை எழுதுனவன் நீ ஒருத்தன்தான் மச்சி," என்பான் நண்பன், பனியனைக் கழற்றிப் பிழிந்தபடி. சத்தம் உள்ளே வராமலிருக்கச் சன்னல்களைப் போர்வையால் மூடி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுத்தான் பேசிப் பதிவு செய்வோம். அப்படியும் மயில்கள் விடாது. அந்தப் பக்கம் மயில் ஜாஸ்தி. சோகமான வசனமாகப் பார்த்து அகவும். "பேசாம எட்டாவது டிக்கெட் குடுத்து இதையும் பஸ்ல ஏத்திடலாம்டா," என்று அவன் சொல்ல, நாங்கள் சிரித்த சிரிப்பில் அந்த டேக்கும் போகும். இப்போது அந்த மாடியில் ஒரு காபிக் கடை வந்துவிட்டது. போன மாதம் ஏறிப் பார்த்தேன். நாங்கள் மைக்கைக் கட்டித் தொங்கவிட்ட கொக்கியில் ஒரு பூந்தொட்டி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு காபி சொல்லிவிட்டு, குடித்து முடித்தும் எழ மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒலிக்கதை என்று முடிவு செய்ததற்குக் காரணம் அம்மா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய தாளைக் கொண்டுபோய்க் காட்டினால், சற்று நேரம் பார்த்துவிட்டு, "கையெழுத்து நல்லா கீதுடா," என்பாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அவளுக்கு அதில் தெரிந்தது அது ஒன்றுதான். அதனால், அவள் காதால் கேட்டு, "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேட்கிற மாதிரி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்குள் கிடந்தது.

மழை கடைசியில் இணையத்தில் கிடைத்தது. உலகம் முழுவதிலுமிருந்து மனிதர்கள் தாங்கள் பதிவு செய்த ஒலிகளை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று போட்டுவைக்கும் ஓர் இணையதளம். மழை என்று தேடினால் பக்கம் பக்கமாக மழை. தகரக் கூரை மேல் மழை, கூடாரத்து மேல் மழை, காருக்குள்ளிருந்து கேட்கும் மழை. ஒவ்வொன்றின் கீழும் பதிவு செய்தவர் இரண்டு வரி எழுதியிருப்பார். "சமையலறைச் சன்னல் வழியாக எடுத்தது. முடிவில் குரைப்பது என் நாய்." "அம்மாவின் பழைய வீட்டுக் கதவு. வீட்டை விற்பதற்கு முந்தைய நாள் பதிவு செய்தேன்." வேலையை விட்டுவிட்டு நான் அந்த வரிகளைப் படித்துக்கொண்டிருப்பேன். அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி தொடையைச் சுடும். வேர்வை வழிய, காதில் ஏதோ ஒரு குளிர் நாட்டின் மழை பெய்யும். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறெந்தக் கோடையும் கழிந்ததில்லை.

எடுத்த ஒலிகளுக்கெல்லாம் நான் தமிழில் புதுப் பெயர் வைத்தேன். "மழை நல்லது", "மழை ரொம்ப நல்லது", "கதவு கடைசி", "கதவு கடைசி கடைசி". அப்போது அது எனக்குப் பெரிய ஒழுங்காகத் தோன்றியது.

ஐந்து பகுதியும் முடிந்தது. காணொளித் தளத்தில் ஏற்றும் நாள். கீழே விவரம் எழுத வேண்டும். கதை, குரல்கள் எல்லாம் எழுதியாயிற்று. ஒலிகளுக்கு என்ன எழுதுவது?

"இருபத்தாறு சத்தம்டா. அத்தனைக்கும் பேர் போட்டா நம்ம பேரு எங்க தெரியும்?" என்றான் நண்பன்.

"போடணும்னு ஏதோ எழுதியிருந்தாங்களே."

"ஃப்ரீதானே? கோயில்ல ஒரு ட்யூப்லைட் வாங்கிக் குடுத்துட்டு, வெளிச்சமே வராத அளவுக்குப் பரம்பரைப் பேரையெல்லாம் எழுதுறானுங்க பாரு, இவங்க அந்த மாதிரி ஆளுங்களா? பெரிய மனசுக்காரங்க மச்சி."

அது எனக்குச் சரியாகப் பட்டது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தல்கள் போடுவார்கள். பெரும்பாலான பந்தலில் கொடுத்தவர் பெயர், அப்பா பெயர், கடை பெயர், போன் நம்பர் எல்லாம் இருக்கும். எப்போதாவது ஒரு பந்தலில் மட்டும், "பெயர் வெளியிட விரும்பாத அன்பர் உபயம்" என்று பலகை இருக்கும். சின்ன வயதிலிருந்தே அந்தப் பலகையைப் பார்த்தால் எனக்குள் ஒரு மரியாதை. சாம்பார் சாதம் எல்லாப் பந்தலிலும் ஒன்றுதான் என்றாலும், நான் அந்தப் பந்தலில்தான் வாங்குவேன். அந்த மரியாதையை அப்படியே இவர்களுக்கும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். உட்கார்ந்து எழுதினேன்: "ஒலிகள்: பெயர் வெளியிட விரும்பாத அன்பர்கள் உபயம்."

நண்பன் படித்துப் பார்த்து, "கெத்தா இருக்குடா," என்றான். ஏற்றினோம். அதோடு விடாமல், கதை முழுக்கப் பெய்த அந்த "மழை ரொம்ப நல்லது" பக்கத்துக்குத் திரும்பிப் போய், "சூப்பர் மழை சார், என் கதையில் பயன்படுத்தியிருக்கிறேன், மிக்க நன்றி" என்று ஆங்கிலத்தில் எழுதி, எங்கள் கதையின் இணைப்பையும் ஒட்டிவைத்தேன்.

அம்மா அதே செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் வேலை செய்கிறாள். வெளிநாட்டுக்காரர்கள் மாசக் கணக்கில் தங்கும் இடம். அறை கூட்டுவதும், படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிப்பதும் அவள் வேலை. மதியம் சாப்பிட்ட பிறகு அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் மொட்டை மாடிக் கொட்டகையில் விரிப்பு மடிப்பார்கள். கைப்பிடிச் சுவரில் அம்மாவின் போன் நிற்கும். அதில் என் பஸ் நிற்கும். தினம் ஒரு பகுதி. ஐந்தும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. எந்த இடத்தில் இடி இடிக்கும் என்று அவர்களுக்கு மனப்பாடம்.

ஒரு நாள் சாவி வாங்கப் போனபோது, படியில் நின்று கேட்டேன். மூன்றாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸின் கூரை ஒழுகி, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் சொட்டும் இடம்.

"அந்தக் கண்டக்டரு ஒரு துணி வெச்சு அடைக்கக் கூடாதாக்கா?" என்றாள் ஒருத்தி.

"அடைச்சுட்டா அந்தப் பொண்ணு எப்படிப் பேச ஆரம்பிக்கும்? சொட்டைப் பாத்துத்தானே அதுக்கு அதும் ஊட்டு நெனப்பு வருது. சும்மா கேளு," என்றாள் அம்மா. என் கதையை அம்மா இன்னொருத்திக்கு விளக்கினாள். நான் சாவி வாங்காமலே இறங்கிப் போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்த மழைக்காரரிடமிருந்து பதில் வந்தது. ஆங்கிலத்தில்தான். ஆனால் எனக்கு அது தமிழில் சொன்னதுபோல நினைவிருக்கிறது.

"உங்கள் கதை எனக்குப் புரியவில்லை. என் மழை புரிந்தது, மகிழ்ச்சி. நீங்கள் கீழே எழுதியிருந்ததை இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்தேன். நான் என் பெயரைச் சொல்ல விரும்பாத ஆள் என்று வருகிறது. அப்படி நான் எங்கேயும் சொல்லவில்லையே. ஒவ்வொரு பதிவின் கீழும் என் பெயரை எழுதிவைத்திருக்கிறேன். நான் கேட்பது அதை மட்டும்தான். இன்னொன்று, முடிவில் குரைக்கும் என் நாயை வெட்டிவிட்டீர்கள். வெட்டலாம், அனுமதி உண்டு. ஆனால் வெட்டியிருக்கிறோம் என்று சொல்ல வேண்டும்."

ஒரு கோபமான சொல்கூட இல்லை. அதனால்தான் முகம் அப்படிச் சுட்டது.

அன்றைக்குத்தான் அந்த ஒலிகளோடு இணைத்திருந்த பயன்பாட்டு உரிமத்தை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். யார் செய்தது, அதன் பெயர் என்ன, எங்கிருந்து எடுத்தது, எந்த உரிமத்தில், மாற்றியிருந்தால் மாற்றியது. இவ்வளவையும் சொன்னால் போதும், ஒலி நம்முடையது போல வைத்துக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் அந்த நிமிடமே நமக்கு உரிமை இல்லை. தவறு தெரிந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமை திரும்பக் கிடைக்கும். மற்ற ஒலிகளின் பக்கங்களில் பார்த்தவரை, ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே பெயர் கேட்ட ஒலிகள். பெயர் வெளியிட விரும்பாதவர் என்று நான் யாரையெல்லாம் வணங்கினேனோ, அவர்கள் கேட்டதே பெயர் ஒன்றைத்தான்.

நண்பனிடம் காட்டினேன். அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

"எடுத்துடு மச்சி," என்றான்.

"எதை?"

"கதையைத்தான். இருபத்தாறுக்கும் ஆளைத் தேடிக்கினு இருக்க முடியுமா? வேற பேர்ல வெச்சிருக்க எல்லாத்தையும். எடுத்துட்டா பிரச்சினையே இல்ல. பாத்தவங்களே கம்மி."

"எங்கம்மா தினமும் கேக்குதுடா."

அவன் கையிலிருந்த சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தான். "அம்மா போன்ல மட்டும் ஏத்திக் குடுத்துடு. யாருக்குத் தெரியும்?"

சுலபமான வழிதான். ஆனால் அம்மா மாடியில் வைத்துக் கேட்கிறாள். அந்தப் பெண்கள் தங்கள் வீடுகளில் கேட்கிறார்கள், அவர்கள் சொல்லி இன்னும் யார் யாரோ. அம்மா அவர்களிடம், "எம்புள்ள பண்ணது, யாரு கேட்டாலும் வரும்," என்று சொல்லியிருந்தாள். தேடினால் வராது என்றால், அவள் அவர்களிடம் என்ன சொல்வாள்? நான் அவளிடம் என்ன சொல்வேன்? அடுத்தவனுடையதை வைத்துக்கொண்டு, அவன் பெயர் சொல்ல மாட்டான் என்று நானாக எழுதிவிட்டேன் என்றா?

முப்பது நாளில் தேடிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

அப்போது நான் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஓர் இணைய சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதாரில் பெயர் திருத்தம். கூட்டம் குறையும் மதிய நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து காதில் மாட்டிக்கொள்வேன். உரிமையாளர், "இன்னாப்பா, காதுல என்ன?" என்று கேட்டால், "ஆடு சார்," என்பேன். உண்மையிலேயே ஆடுதான். நாலாம் பகுதியில் ஒரு பயணியின் ஆடு கத்தும். அது யாருடைய ஆடு என்று தேடி நூற்றுக்கணக்கான ஆடுகளைக் கேட்டேன்.

மடிக்கணினியில், இணையத்திலிருந்து இறக்கியவற்றின் பட்டியலில் ஒன்பது ஒலிகளின் பழைய பெயர்கள் கிடைத்தன. மீதியை நண்பனின் பழைய போனில் இறக்கியிருந்தோம், அது போய்விட்டது. நல்லவேளையாக, வெட்டுவதற்கு முந்தைய முழு ஒலிகள் பல என்னிடம் இருந்தன. எத்தனை நிமிடம், எத்தனை நொடி என்று பார்த்து, தளத்தில் அதே நீளமுள்ள ஒலிகளைத் தேடுவேன். கிடைத்ததைப் போட்டுக் கேட்பேன். முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். கதவு கிறீச்சிடும்போது என்னையறியாமல் வாய் திறந்து, "இதான்," என்று சொல்லிவிடுவேன். எதிரே சான்றிதழுக்கு நின்றவர், "என் பேரு வந்துடுச்சாங்களா?" என்று ஆவலோடு கேட்ட நாளும் உண்டு.

அந்த மதியங்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கோடையில் வெறும் சத்தமாகக் கேட்டவற்றுக்குப் பின்னால் ஒவ்வொரு ஆளாக வந்து நின்றார்கள். இடியைப் பிடித்தவர் ஒரு பள்ளிக்கூடக் காவலர். பஸ் கதவு அடைக்கும் ஓசை ஒரு கல்லூரி மாணவியுடையது. தன் ஊர்ப் பேருந்து எண்ணை எல்லாம் எழுதிவைத்திருந்தாள். (இங்கே யார் பெயரையும் எழுதாததைப் பார்த்து யாராவது சிரிக்கலாம். ஒலி இருக்கும் இடத்தில் அவர்கள் பெயர் இருக்கிறது. இங்கே இருப்பது என் கதை மட்டும்.)

இருபத்தெட்டாம் நாள், இருபத்தைந்து கிடைத்திருந்தது. கிடைக்காத ஒன்று, மூன்றாம் பகுதியின் அந்தச் சொட்டு. முழு ஒலி என்னிடம் இல்லை. நாலு நொடித் துண்டாக வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தேன். சொட்டு என்று தேடினால் வந்த அத்தனையையும் கேட்டேன். குழாய், குகை, குளியலறை. எதுவும் அதில்லை. போட்டவரே எடுத்துவிட்டாரோ என்னவோ.

நண்பனுக்குப் போன் செய்தேன்.

"ஒண்ணுதானே? விட்டுத் தள்ளு. யாரோ ஒருத்தர்னு போட்டுடு," என்றான்.

"அதைத்தானே மொத தடவையும் போட்டோம்."

"சரி, என்னதான் பண்ணப்போற?"

"எடுத்துடப்போறேன்."

"அம்மா கண்டுபிடிச்சுடும்டா," என்றான். அவனுக்கும் தெரிந்திருந்தது.

சொட்டை எடுத்தேன். அதில்லாமல் அந்தப் பெண் பேச ஆரம்பிக்கும் இடம் சற்று மொட்டையாகத்தான் இருந்தது, அப்படியே விட்டேன். பிறகு பெயர்ப் பட்டியலைக் கீழே எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்க்கும்போதுதான் உறைத்தது. இந்தக் கதையைக் கேட்பவர்களில் நான் அறிந்தவர்கள் நாலு பேர், அந்த நாலு பேரில் ஒருத்திக்கும் இதைப் படிக்கத் தெரியாது. எழுதியதோடு உரிமத்தின் கணக்கு தீர்ந்துவிடும். அம்மாவுக்கு மட்டும் எல்லாம் என் சத்தமாகவே இருக்கும்.

அதனால் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நானே பேசிப் பதிவு செய்தேன். எந்த ஒலி, யார் செய்தது, நான் எதை வெட்டினேன். சிலர் பெயருக்குப் பதில் ஏதோ பறவையின் பெயரும் எண்களும் போட்டிருந்தார்கள். அதையும் அப்படியே வாசித்தேன். சில பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று தெரியாமல் பலமுறை திணறினேன். நாயை வெட்டியதையும் சொன்னேன். மூன்றாம் பகுதியின் கடைசியில், "இந்தப் பகுதியில் முன்பு ஒரு சொட்டு ஒலி இருந்தது. அதைப் பதிவு செய்தவர் யாரென்று கண்டுபிடிக்க முடியாததால் எடுத்துவிட்டோம். அது உங்களுடையது என்றால் தெரியப்படுத்துங்கள்," என்று சேர்த்தேன். காணொளித் தளத்தில் ஒருமுறை ஏற்றிய ஒலியை மாற்ற முடியாது. பழைய ஐந்தையும் எடுத்துவிட்டு, புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. வந்திருந்த பாராட்டுகளும் பார்த்தவர் எண்ணிக்கையும் அதோடு போயின. மழைக்காரருக்கு எழுதினேன். "நன்றி, என் பெயரை நீங்கள் சொல்வது வேறு யாருடைய பெயரோ போல இருக்கிறது, ஆனால் நான்தான்," என்று பதில் வந்தது.

முப்பதாம் நாள் மதியம் விடுதி மாடிக்கு நானே போய், அம்மாவின் போனில் புதியதைத் திறந்து கொடுத்தேன். விரிப்பு மடிக்கும் நேரம். மூன்றாம் பகுதி ஓடியது. அந்த இடம் வந்தது. அம்மாவின் கை நின்றது.

"எங்கடா அந்தச் சொட்டு?"

"எடுத்துட்டம்மா. அது யாருதுன்னு தெரியல."

"உன்னுது இல்லியா?"

"இல்லம்மா. மழையும் என்னுது இல்ல. இடியும் இல்ல. கதை மட்டுந்தான் என்னுது."

அம்மாவின் முகம் லேசாகச் சுருங்கியது. ஏமாற்றந்தான், நான் அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். பகுதி முடிந்து, என் குரல் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தது. நாலு பெயர் போவதற்குள், எதிர்முனையில் விரிப்பைப் பிடித்திருந்த பெண், "இன்னாக்கா இது, ரேஷன் கடையில கூப்புடுற மாதிரி," என்று சிரித்தபடி போனை நிறுத்தப் போனாள்.

"இரு. முடியட்டும்," என்றாள் அம்மா.

முடியும்வரை நால்வரும் கேட்டார்கள். புரியாத பெயர்கள் ஒவ்வொன்றாக மொட்டை மாடி வெயிலில் போயின.

"இவங்கல்லாம் உனக்குத் தெரிஞ்சவங்களாடா?"

"ஒருத்தரையும் தெரியாதும்மா."

"அவங்களுக்கு உன்னை?"

"தெரியாது."

"தெரியாமயா குடுத்தாங்க?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்து அடுத்த விரிப்பை எடுத்து, அதன் இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன்.